‘புற்றுநோய் ஏதுநிலை’: ஒரு சொல்முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

‘மரபுவழிப் புற்றுநோய்’ என்னும் சொல்லை நாம் கைவிட்டு, ஆங்கிலத்தில் cancer susceptibility, cancer predisposition எனப்படும் நிலையைப் ‘புற்றுநோய் ஏதுநிலை’ என்று சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது புற்றுநோய் அன்று, பல வகைகளில், டி.என்.ஏ. சிதைவுகளைச் செப்பனிடும் மரபணு ஒன்றின் பழுதுபட்ட படி (நகல்). அதைப் பெற்றவரின் உயிரணுக்களில் மற்றப் பெற்றோர் வழி வந்த நல்ல படி பொதுவாக அப்பணியைச் செய்துவிடுகிறது. ஏதேனும் ஓர் உயிரணு அந்த நல்ல படியையும் இழக்கும்போதுதான் அங்கே சிதைவுகள் செப்பனிடப்படாமல் தேங்கி, சடுதிமாற்றங்கள் பெருகி, உயிரணுப் பிரிதலைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களும் கெட்டுப்போக வழி ஏற்படுகிறது. விழித்திரைப் புற்றை ஆராய்ந்து மரபியலர் ஆல்ஃபிரட் நுட்சன் 1971இல் முன்வைத்த, இரு படிகளும் கெட்டால்தான் புற்று தோன்றும் என்னும் ‘இரு தாக்குதல்’ கருதுகோள் இங்கும் பொருந்துகிறது.

Susceptibility என்பதற்கு ‘ஏற்புத்திறன்’ வேண்டாம் என்பேன். இயற்பியலில் அது காந்தப் பண்புக்கு வழங்குகிறது. மேலும், நோய்க்கு ஆளாகும் நிலையைத் ‘திறன்’ என்பது நோயாளியின் காதுக்குப் பொருந்தாது. Predisposition என்பதற்கு ‘முன்சாய்வு’ அழகிய சொல்தான். ஆயினும் உடல் தானாகவே நோயை நோக்கி நகர்வதான பொருளைத் தருகிறது. ‘ஏது’ என்றால் காரணம். ‘ஏதுவான’ என்று நாம் அன்றாடம் சொல்வதில் இடங்கொடுத்தல் என்னும் பொருளும் உண்டு. ஆகவே ‘ஏதுநிலை’ நோய்க்கு இடமிருப்பதைச் சொல்கிறதே தவிர, வந்தே தீரும் என்று தீர்ப்பளிப்பதில்லை. செப்பனிடும் மரபணுக்களுள் ஒன்றான பி.ஆர்.சி.ஏ.1இல் (BRCA1) தீங்கான மாற்றமுள்ள பெண்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்று வருகிறது என்றால், எஞ்சியோருக்கு வருவதில்லை என்பதையும் சொல் தாங்கியாக வேண்டும்.

லிஞ்ச் நோய்க்கூட்டறிகுறி (Lynch syndrome) என்னும் மரபுவழி நிலையில், டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது தவறாக இணைந்த பொருந்தா இணைகளைத் திருத்தும் மரபணுக்களுள் ஒன்று பழுதுபடுவதால், பெருங்குடலிலும் கருப்பை உட்சவ்விலும் புற்று தோன்றும் வாய்ப்பு மிகுகிறது. அதைப் ‘பெருங்குடற்புற்று ஏதுநிலை’ எனத் தடையின்றிச் சொல்லலாம்.

ஓர் இடத்தில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. சீரோடெர்மா பிக்மென்டோசம் என்னும் அரிய மரபு நோயில் இரு படிகளும் பிறப்பிலேயே பழுதுபட்டிருப்பதால், புறஊதாக் கதிர் விளைவிக்கும் சிதைவை எந்த உயிரணுவும் சரிவரச் செப்பனிட முடிவதில்லை. குழந்தைப் பருவத்திலேயே தோற்புற்று தோன்றக்கூடும். இதையும் லிஞ்ச் வகையையும் ஒரே சொல்லால் குறிப்பது மருத்துவ நூலுக்குப் போதாது. ‘ஒருபடி ஏதுநிலை’, ‘இருபடி ஏதுநிலை’ என்று அடைகொடுத்துப் பிரிக்கலாம் என்று கருதுகிறேன். மரபியல் கற்பிப்போர் இவ்வடைகள் வகுப்பில் நிற்குமா என்று சொல்ல வேண்டுகிறேன்.