நம்ம பெங்களூர் வானத்துல தேஜஸ்: பார்த்ததும் கேட்டதும்

நம் நாட்டில் உருவான இலகுரகப் போர் விமானம் தேஜஸைப் பற்றி, பெங்களூரின் நாலு பகுதிகளில் குடியிருப்பவர்கள் பேசிக்கொண்டது.

விமானபுரா:
தேஜஸைத் தயாரிக்கும் அரசு நிறுவனமான ஹெச்ஏஎல்லின் ஓடுதளம் பக்கம் குடியிருப்பவர்கள் அடிக்கடி கேட்பது, "இப்போ போச்சே, அது தேஜஸா?" என்றுதான். பின்பக்கத்தைப் பாருங்கள். படுக்கைவாட்டில் சின்ன வால் இறக்கை இல்லாமல், முக்கோண இறக்கையும் நிமிர்ந்த ஒற்றை வாலும் இருந்தால் பெரும்பாலும் தேஜஸ், இல்லாவிட்டால் மிராஜ் 2000. மிராஜில், எஞ்சினுக்குக் காற்று புகும் வாயில் அரைக்கூம்பு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும், தேஜஸில் அது கிடையாது. தேஜஸ் இறக்கையின் முன்விளிம்பும் நேர்கோடு அல்ல, நடுவில் ஒரு முறிவு தெரியும். இரண்டு நிமிர்ந்த வால் என்றால் பெரும்பாலும் சுகோய் 30. ரஃபாலுக்கு வால் ஒன்றுதான், ஆனால் எஞ்சின் இரண்டு, விமானி அறைக்குப் பக்கத்தில் குட்டி இறக்கைகளும் உண்டு. தேஜஸின் நீளம் 13.2 மீட்டர், நம்ம பிஎம்டிசி பஸ்ஸைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இறக்கையின் அகலம் 8.2 மீட்டர். அதனால்தான் கொஞ்சம் உயரம் போனதுமே கண்ணில் சிக்காது.

அல்சூர்:
விமானபுரா அண்ணா சொன்ன அடையாளம் எல்லாம் விமானத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் உதவும். பலரும் சத்தம் வரும் திசையில் தேடிவிட்டு "ஒன்றுமே இல்லையே" என்கிறார்கள். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். விமானம் ஒன்றரை கிலோமீட்டர் தூரத்தில் இருந்தால் சத்தம் உங்களிடம் வர நாலு நொடிக்கு மேல் ஆகும். மணிக்கு 720 கிலோமீட்டர் வேகத்தில் போகிற விமானம் அதற்குள் கிட்டத்தட்ட 900 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். ஆகவே சத்தம் வரும் இடத்துக்கு முன்னால், விமானம் போகும் பக்கமாகத் தேடுங்கள்.

2020 மே 20 மதியம் ஊரையே உலுக்கிய அந்த வெடிச்சத்தத்தையும் இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ளலாம். விமானப்படையின் சோதனை விமானம் நகரத்துக்கு வெளியே, 36,000 முதல் 40,000 அடி உயரத்தில், ஒலியைவிட வேகமாகப் பறந்து வேகம் குறைத்தபோது எழுந்த சத்தம் அது என்று பாதுகாப்புத் துறை விளக்கம் கொடுத்தது. 65 முதல் 80 கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கும் அது கேட்கும் என்றும் சொன்னார்கள். ஒலித்தடையை, அதாவது ஒலியின் வேகத்தை, தாண்டுகிற அந்த ஒரு கணத்தில் மட்டும் வெடிக்கும் என்று நினைப்பது தவறு. ஒலியை முந்திப் போகும் வரைக்கும் விமானம் அந்த அழுத்த அலையைக் கூடவே இழுத்துக்கொண்டு போகும். அலை உங்களைக் கடக்கும்போது உங்களுக்கு "டமால்". ஜன்னல் அதிர்ந்து ஓரிரு நொடியில் அடங்கிவிடும். நிலநடுக்கமோ என்று அன்று பயந்தவர்கள் பலர், ஆனால் நில அதிர்வுக் கருவிகளில் எதுவும் பதிவாகவில்லை.

சி.வி.ராமன் நகர்:
தேஜஸில் எனக்கு முக்கியமாகப் படுவது அதன் வேகம் அல்ல, நிலையின்மை, அதாவது தானாகச் சமநிலையில் பறக்காத தன்மை. வேண்டுமென்றே அப்படி வடிவமைத்தார்கள். சட்டென்று திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான். கரகம் ஆடுபவரின் கழுத்து ஓயாமல் செய்கிற சின்னச் சின்னத் திருத்தங்களை இங்கே கணினி செய்கிறது. விமானியின் கைப்பிடிக்கும் இறக்கைக்கும் நடுவே இழுத்துத் தள்ளும் இயந்திர இணைப்பே கிடையாது, வயர் வழியே போவது மின்சமிக்ஞை மட்டும். அந்தச் சமிக்ஞைக்கு நாலு தனித்தனிப் பாதைகள். ஒன்று மாறான கணக்குச் சொன்னால் மற்ற மூன்றும் ஒத்துப்பார்த்து அதை ஒதுக்கிவிடும். 2001 ஜனவரி 4 அன்று இதே ஊரில் ராஜீவ் கோத்தியால் முதன்முதலாக ஓட்டிய 18 நிமிடமும் இந்த மென்பொருளுக்கான பரீட்சைதான்.

யெலஹங்கா:
எஞ்சினைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. இங்கே உருவான காவேரி எஞ்சின் தேவையான உந்துவிசையை எட்டாததால் அமெரிக்க ஜிஇ எஃப்404 பொருத்தினார்கள். புறப்படும்போது பின்னால் நீளும் நெருப்பு, ஆஃப்டர்பர்னர். வெளியேறும் சூடான வாயுவில் மறுபடி எரிபொருளைத் தெளித்து எரிப்பார்கள். உந்துவிசை பாதிக்கு மேல் கூடும், எரிபொருளோ மூன்று மடங்குக்கு மேல் குடிக்கும். உள்தொட்டிகளில் இருப்பது ஏறக்குறைய 2,450 கிலோ. தரைமட்டத்தில் விடாமல் எரித்தால் பத்து நிமிடம் சுமாருக்குத்தான் வரும். ஆகவே ஏறவும் திரும்பவும் மட்டும் சில நொடிகள் போட்டு எடுப்பார்கள்.

ஒற்றை எஞ்சின் என்பதால் உள்ளே என்ன போகிறது என்பதில் அத்தனை கவனம். ஓடுதளத்தில் கிடக்கும் ஒரு சின்ன போல்ட் போதும், சுழலும் தகடு சிதைந்து காற்றோட்டம் குலையும், எஞ்சின் திணறும். பறவை புகுந்தாலும் இதே கதைதான். 2025 ஏரோ இந்தியா விமானக் கண்காட்சிக்காக யெலஹங்கா தளத்தைச் சுற்றி 13 கிலோமீட்டருக்கு இறைச்சி விற்பனையை நிறுத்தினார்களே, வீசி எறியும் கழிவைத் தேடிப் பருந்துகள் வட்டமிடும் என்பதால்தான். கண்காட்சி நாட்களில் வீட்டுக் கழிவையும் திறந்த இடத்தில் கொட்டாதீர்கள்.

விமானபுரா:
இறங்கும்போது பின்னால் விரியும் பாராசூட்டைப் பார்த்து விபத்து என்று பதற வேண்டாம். சக்கர பிரேக் அளவுக்கு மேல் சூடாகாமல், குறைந்த தூரத்தில் நிற்பதற்காக விரிப்பது அது. வேகம் குறைந்ததும் விமானி கழற்றிவிட்டுவிடுவார், தரைப்பணி ஆட்கள் ஓடுதளத்திலிருந்து அதை உடனே எடுத்துவிடுவார்கள்.