அம்மாவின் சாம்சங் ஏ15: ஆண்ட்ராய்டு 15 அப்டேட் பாதியில் நிற்கிறது, வங்கிச் செயலிக்கு ஆபத்து வருமா?

சிப்புட் தம்பி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவோட போன் சாம்சங் கேலக்ஸி ஏ15, 128 ஜிபி. இப்போ ஆண்ட்ராய்டு 14, அதுமேல சாம்சங்கோட ஒன் யூஐ 6.1. ஆண்ட்ராய்டு 15 வந்திருக்குன்னு தினமும் அறிவிப்பு வருது. டவுன்லோட் போட்டா பாதிக்கு மேல போய் நின்னுடுது. நேத்து இடம் போதலைன்னு காட்டுச்சு. ஸ்டோரேஜ்ல 3.8 ஜிபிதான் மிச்சம். கேலரியில நிறைய வீடியோ அழிச்சேன், அந்த எண்ணு அசையவே இல்ல.

வீடு மலேசியா, சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்துக்கு உள்ளே. வைஃபை கிடையாது. என் போன் ஹாட்ஸ்பாட்தான், அதுவும் சிக்னல் ரெண்டு கோடு. சாயங்காலம் ஆனா மழை, இடி, சில நாள் கரண்டும் போயிடும்.

அம்மாவோட வங்கிச் செயலி இந்த ஒரு போன்லதான் பதிவாகியிருக்கு. சம்பளம் அதுலதான் வருது. அப்டேட் பண்ணா பதிவு போயிடுமா? வாட்ஸ்அப் என்ன ஆகும்? டவுன்ல ஒரு கடைக்காரர் "50 வெள்ளி கொடு, கம்ப்யூட்டர்ல போட்டுத் தரேன்"ங்கிறார். கொடுக்கலாமா?

லிந்தாங் அக்கா

தம்பி, வீடியோ அழிச்சும் இடம் வரலைன்னா அது இன்னும் குப்பைத்தொட்டியில் கிடக்கிறது. சாம்சங் கேலரி அழித்ததை 30 நாள் வைத்திருக்கும். கேலரியைத் திறந்து, மூன்று கோடு மெனுவைத் தொட்டு, 'டிராஷ்' உள்ளே போய் 'எம்ப்டி' கொடுங்கள். 'மை ஃபைல்ஸ்' செயலிக்கும் தனியாக ஒரு குப்பைத்தொட்டி உண்டு, அதையும் காலி செய்யுங்கள். கூகுள் போட்டோஸ் பயன்படுத்தினால் அதில் கவனம் வேண்டும். அங்கே அழித்தால் மேகத்தில் (கிளவுட்) இருக்கும் படமும் சேர்ந்தே அழியும்.

அதைவிடப் பெரிய தீனிக்காரன் வாட்ஸ்அப். செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ் என்று போங்கள். '5 எம்பிக்கு மேல்', 'பலமுறை ஃபார்வர்ட் செய்தவை' என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். கோயில் குழு, குடும்பக் குழு, காலை வணக்க வீடியோ எல்லாம் அங்கேதான் குவிந்திருக்கும். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, வேண்டியதற்கு நட்சத்திரக் குறி போட்டுவிட்டு மற்றதை அழியுங்கள். அவரைக் கேட்காமல் மொத்தமாக அழித்துவிடாதீர்கள். இறந்துபோனவரின் குரல் பதிவு அதில் இருந்தால் திரும்ப எங்கே போய் வாங்குவது?

எவ்வளவு இடம் வேண்டும்? இந்த மாதிரிப் பெரிய அப்டேட் கோப்பே 2, 3 ஜிபி வரும். சரியான அளவு டவுன்லோட் திரையில் எழுதியிருக்கும். அதை விரித்துப் போட இன்னும் இடம் கேட்கும். என் கணக்கு 10 ஜிபி. 5, 6 இருந்தாலும் ஓடலாம், ஆனால் அதற்குப் பிறகு செயலிகள் எல்லாம் புதுப்பிக்கும்போது மறுபடி மூச்சு முட்டும்.

ஏ15இல் மெமரி கார்டு போடலாம். படங்களை 'மை ஃபைல்ஸ்' வழியாக அதற்கு நகர்த்துங்கள். 'என்கிரிப்ட் எஸ்டி கார்டு' மட்டும் போட்டுவிடாதீர்கள். அப்படிப் பூட்டிய கார்டை, போன் ஒருநாள் ஃபேக்டரி ரீசெட் ஆகிவிட்டால், அந்தப் போனே திறக்காது.

பழுது பார்ப்பவர், கோலகங்சார்

கடைக்காரர் விஷயத்தை முதலில் சொல்கிறேன். கொடுக்க வேண்டாம். போன் சரியாக இயங்கும்போது அதை ஃபிளாஷ் செய்ய, அதாவது கம்ப்யூட்டர் வழியாக மென்பொருளை மேலெழுத, ஒரு காரணமும் கிடையாது.

கம்ப்யூட்டரில் போடுவது என்றால் பெரும்பாலும் ஓடின் என்ற மென்பொருள்தான். அதில் பிஎல், ஏபி, சிபி, சிஎஸ்சி என்று முக்கியமாக நான்கு கட்டம். சிஎஸ்சி கட்டத்தில் போடுவதற்கு இரண்டு வகைக் கோப்பு வரும். 'ஹோம் சிஎஸ்சி' போட்டால் தரவு அப்படியே நிற்கும். வெறும் 'சிஎஸ்சி' போட்டால் போன் சுத்தமாகத் துடைக்கப்படும், படம், வங்கிப் பதிவு எல்லாம் போய்விடும். அவசரத்தில் இருக்கிற கடையில் எதைப் போடுவார்கள் என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது. மலேசிய போனுக்கு எக்ஸ்எம்இ என்ற வட்டாரக் கோப்பு வர வேண்டும் என்பது வேறு.

இன்னொன்று, மேலே போனால் கீழே இறங்குவது கடினம். செட்டிங்ஸில் 'அபவுட் போன்', 'சாப்ட்வேர் இன்ஃபர்மேஷன்' போய் பில்ட் எண்ணைப் பாருங்கள். அதன் கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்து, போனை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பூட்லோடரின் நிலை. அது ஒருமுறை ஏறிவிட்டால், அதற்குக் குறைந்த எண் கொண்ட பழைய மென்பொருளை போன் ஏற்காது. "பிடிக்கலைன்னா பழசுக்கு மாத்தித் தரேன்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பூட்லோடரைத் திறந்து ரூட் செய்தால் (போனின் முழுக் கட்டுப்பாட்டையும் கையில் எடுத்தால்) நாக்ஸ் என்ற பாதுகாப்பு நிரந்தரமாக முறிந்துவிடும். அப்படி ரூட் செய்த போனில் பல வங்கிச் செயலிகள் திறக்கவே திறக்காது.

வங்கிப் பக்கம், ஈப்போ

தம்பி பயப்படுவது நியாயம், ஆனால் பயம் தவறான இடத்தில் இருக்கிறது. செட்டிங்ஸ் வழியாக வரும் அப்டேட் செயலிகளையோ அவற்றின் தரவையோ தொடுவதில்லை. வங்கிப் பதிவு அப்படியே நிற்கும். பதிவு போவது மூன்று வழியில்: ஃபேக்டரி ரீசெட், செயலியை நீக்கி மறுபடி போடுவது, 'கிளியர் டேட்டா' அழுத்துவது. அப்டேட்டுக்குப் பிறகு வங்கிச் செயலி திறக்க மறுத்தால் பதற்றத்தில் பலர் செய்வது இந்த இரண்டாவது வேலையைத்தான். செய்யக் கூடாது. முதலில் பிளே ஸ்டோரில் அந்தச் செயலிக்குப் புதுப் பதிப்பு இருக்கிறதா பாருங்கள், பிறகு போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள், அதன் பிறகும் வரவில்லை என்றால் 'கிளியர் கேஷ்' மட்டும்.

பதிவு போய்விட்டால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எஸ்எம்எஸ் ஓடிபியைக் குறைத்து ஒரே ஒரு போனில் ஒப்புதல் கொடுக்கும் முறைக்கு இங்குள்ள வங்கிகள் மாறிவிட்டன. புதிதாகப் பதிந்தால் உடனே பணம் அனுப்ப முடியாது, பல மணி நேரக் காத்திருப்பு உண்டு. அது வங்கிக்கு வங்கி மாறும். ஆகவே சம்பள நாளுக்கு முந்தின நாளும், கட்டணத் தவணை நாளிலும் அப்டேட் வேண்டாம். மின்பணப்பையில் உள்ள பணம் கணக்கில் இருக்கிறது, போனில் இல்லை. அதற்குக் கவலை வேண்டாம்.

இனி, யாரும் சொல்லாத ஒரு விஷயம். அம்மாவுக்கு பின் நம்பர் ஞாபகம் இருக்கிறதா? தினமும் விரலை வைத்தே திறக்கிறவர்கள் அதை மறந்தே போகிறார்கள். ரீஸ்டார்ட் ஆன போன் முதல் தடவை விரலை ஏற்காது, பின் நம்பரைத்தான் கேட்கும். பின் தெரியாவிட்டால் துடைப்பதைத் தவிர வழியில்லை. துடைத்த பிறகு அதே போனில் இருந்த கூகுள் கணக்கின் பாஸ்வேர்ட் கேட்கும், அதுவும் தெரியாவிட்டால் போன் பூட்டியே கிடக்கும். இப்போதே பின்னைப் போட்டுத் திறந்து பாருங்கள். கூகுள் பாஸ்வேர்டையும் சோதித்து ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள்.

வாட்ஸ்அப்: செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப், 'பேக் அப்'. இது கூகுளின் இலவச 15 ஜிபி கணக்கில் சேரும். இடம் போதாவிட்டால் வீடியோ சேர்ப்பதை அணைத்துவிடுங்கள், எழுத்துக்கும் படத்துக்கும் போதும். பேக்கப்புக்குத் தனிப் பாஸ்வேர்ட் போட்டிருந்தால் அதையும் அதே நோட்டில். தொடர்பு எண்கள் போனில் இருக்கிறதா கூகுள் கணக்கில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சிப்புட் தம்பி

அக்கா சொன்ன மாதிரி டிராஷ் காலி பண்ணேன், 6 ஜிபி வந்துச்சு! வாட்ஸ்அப்பையும் சேர்த்து இப்போ 14 ஜிபி மிச்சம். பின் நம்பர் கேட்டா அம்மா "உன் பிறந்த வருஷம்"ங்கிறாங்க, போன் அதை ஏத்துக்கல. கடைசியில தங்கச்சி பிறந்த வருஷம்.

டவுன்லோட் மட்டும் இன்னும் பாதியிலேயே நிக்குது.

லிந்தாங் அக்கா

பின்னை அப்டேட்டுக்கு முன்னாடியே கண்டுபிடித்தது பெரிய விஷயம் தம்பி. அம்மாவிடம் சொல்லி, வேறு யாரும் ஊகிக்க முடியாத எண்ணாக மாற்றச் சொல்லுங்கள்.

டவுன்லோட் பாதியில் நின்றால் அந்த அரைகுறைக் கோப்பைத் தூக்கிப் போடுவது நல்லது. செட்டிங்ஸ், ஆப்ஸ், மேலே உள்ள வரிசைக் குறியைத் தொட்டு 'ஷோ சிஸ்டம் ஆப்ஸ்' போடுங்கள். 'சாப்ட்வேர் அப்டேட்' என்ற செயலியைத் தேடி, ஸ்டோரேஜ் உள்ளே 'கிளியர் டேட்டா'. இது வங்கிச் செயலி இல்லை, இதற்குத் தைரியமாகச் செய்யலாம். பிறகு ரீஸ்டார்ட், பிறகு 'சாப்ட்வேர் அப்டேட்', 'டவுன்லோட் அண்ட் இன்ஸ்டால்'. போன் மலாய் மொழியில் இருந்தால் 'கெமாஸ் கினி பெரிசியான்', 'முவாட் துருன் டான் பாசாங்'. தேதியும் நேரமும் தானியங்கியில் இருக்க வேண்டும். கடிகாரம் தப்பாக இருந்தால் சர்வரோடு இணைப்பே ஏற்படாது.

இரண்டு கோடு சிக்னலில் 3 ஜிபி இறங்குவது கஷ்டம். விடியற்காலை நெட்வொர்க்கில் கூட்டம் குறைவு, அப்போது போடுங்கள். ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிற டாப்-அப் திட்டங்கள் உண்டு. அது தீர்ந்தால் டேட்டா மிச்சம் இருந்தும் வேகம் செத்துப்போகும், நீங்கள் போனைக் குறை சொல்லிக்கொண்டு இருப்பீர்கள். வட்டாரத்தில் நாடி மையம் (முன்பு பெடி) என்ற சமூக இணைய மையம் இருந்தால் அங்கே கொண்டு போய் இறக்குங்கள். பொது வைஃபையில் அப்டேட் இறக்க அஞ்ச வேண்டாம். கோப்பின் மின்கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகுதான் போன் அதை நிறுவும். வங்கி வேலை மட்டும் அங்கே வேண்டாம். அங்கே இறக்கி மட்டும் வைத்துக்கொண்டு, நிறுவுவதை வீட்டில் செய்யலாம்.

ரெட்மி தங்கை

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். என் போன்ல அப்டேட் பின்னணியிலேயே முடிஞ்சு, ஒரே ஒரு ரீஸ்டார்ட்தான் கேக்குது. சாம்சங் மட்டும் ஏன் அரை மணி நேரம் நிக்குது?

பழுது பார்ப்பவர், கோலகங்சார்

நல்ல கேள்வி தங்கச்சி. 2016இல் ஆண்ட்ராய்டு 7.0 வந்தபோது இரட்டை அடுக்கு முறை அறிமுகமானது. ஒரு அடுக்கில் போன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்ற அடுக்கில் புதியது எழுதப்படும். புதியது எழவில்லை என்றால் பழையதிலேயே திரும்ப எழும். சாம்சங் இதை 2024இல் கேலக்ஸி ஏ55இல்தான் முதலில் கொண்டுவந்தது. ஏ15இல் அது இல்லை. போன் அணைந்து, தனி நிறுவல் திரையில், இருக்கும் மென்பொருளின் மேலேயே எழுதுகிறது. அதனால்தான் அந்த நேரத்தில் போனைத் தொடாதே என்கிறோம்.

தம்பி, நிறுவும் அன்று செய்ய வேண்டியது. மழை பிடிக்கும் முன், காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மின்கலத்தை 80 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றி, சார்ஜரைக் கழற்றிவிட்டு நிறுவுங்கள். 5000 எம்ஏஎச் மின்கலத்துக்கு இது சின்ன வேலை, கரண்டு போனாலும் போனுக்குத் தெரியாது. இடி நேரத்தில் சார்ஜில் மாட்டி வைப்பதுதான் ஆபத்து. உறையைக் கழற்றி மேசைமேல் வையுங்கள், சூடாகும். 'இன்ஸ்டால் நவ்' அழுத்தியதும் திரையில் விழுக்காடு ஓடும். நடுவில் ஒரே எண்ணில் பத்து நிமிடம் நின்றாலும் பட்டனைத் தொடாதீர்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நிம்மதி.

விழுக்காடு எல்லாம் முடிந்து, சாம்சங் எழுத்திலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால்தான் தலையிட வேண்டும். வால்யூம் கீழ் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து, திரை அணையும்வரை பத்துப் பதினைந்து விநாடி பிடியுங்கள். அப்படியும் எழவில்லை என்றால் போனை அணைத்து, கம்ப்யூட்டரில் செருகிய யுஎஸ்பி கேபிளை மாட்டி, வால்யூம் மேல், பவர் இரண்டையும் பிடித்தால் ரிகவரி என்ற பழுதுநீக்கும் திரை வரும். கேபிள் இல்லாமல் புதிய சாம்சங் போன்களில் அந்தத் திரை வராது, பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அதில் 'வைப் கேஷ் பார்ட்டிஷன்', பிறகு 'ரிப்பேர் ஆப்ஸ்'. இரண்டும் தரவைத் தொடாது. அதே பட்டியலில் பக்கத்திலேயே 'வைப் டேட்டா / ஃபேக்டரி ரீசெட்' இருக்கும். வால்யூம் பட்டனால் நகரும்போது ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

சிப்புட் தம்பி

முடிஞ்சது! நாடி மையத்துல இறக்கி, இன்னைக்குக் காலையில வீட்டுல போட்டேன். ஆண்ட்ராய்டு 15, ஒன் யூஐ 7 காட்டுது. வங்கிச் செயலி அப்படியே திறந்துச்சு. எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டே சந்தேகம். போன் சுடுது, சார்ஜ் சீக்கிரம் இறங்குது. அப்புறம் அம்மாவுக்கு வாட்ஸ்அப்ல "அப்டேட் முழுமையாக இதை நிறுவவும்"னு ஒரு ஏபிகே கோப்பு (செயலி நிறுவுற கோப்பு) வந்திருக்கு.

வங்கிப் பக்கம், ஈப்போ

அந்தக் கோப்பைத் தொடவே வேண்டாம், உடனே அழியுங்கள். ஆண்ட்ராய்டு அப்டேட் செட்டிங்ஸ் வழியாக மட்டுமே வரும், வாட்ஸ்அப்பில் ஒருநாளும் வராது. எஸ்எம்எஸ்ஸைப் படித்து, திரையைப் பார்த்து, கணக்கைக் காலி செய்ய இப்படித்தான் நுழைகிறார்கள். அம்மா ஏற்கெனவே அழுத்தி நிறுவியிருந்தால், முதலில் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து வங்கிக்கும், தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997க்கும் அழையுங்கள். அழுத்தவில்லை என்றால் அனுப்பியவரைத் தடுத்துவிட்டு, அவர் தெரிந்தவராக இருந்தால் அவர் கணக்கே களவு போயிருக்கலாம் என்று நேரில் சொல்லுங்கள்.

பழுது பார்ப்பவர், கோலகங்சார்

சூடும் சார்ஜும் இரண்டு மூன்று நாளில் அடங்கும். செயலிகளைப் புது மென்பொருளுக்கு ஏற்ப மறுபடி தயார் செய்வது, படங்களை மறுபடி வகைப்படுத்துவது எல்லாம் பின்னணியில் நடக்கிறது. இரவு சார்ஜில் போட்டு வைஃபை கிடைக்கும்போது பிளே ஸ்டோரில் எல்லாச் செயலியையும் புதுப்பியுங்கள், பாதிச் சூடு அதிலேயே போய்விடும். ஒரு வாரம் தாண்டியும் இறங்கினால் செட்டிங்ஸ், பேட்டரி உள்ளே எந்தச் செயலி அதிகம் தின்கிறது என்று பார்த்து அதன் பெயரை இங்கே எழுதுங்கள்.

'சாப்ட்வேர் அப்டேட்'டை மறுபடி ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பின்தங்கியிருந்த போனுக்கு அப்டேட்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஏ15க்கு நான்கு ஆண்ட்ராய்டு மேம்பாடும் ஐந்து ஆண்டுப் பாதுகாப்புத் திருத்தமும் தருவதாகச் சாம்சங் அறிவித்திருக்கிறது, அதனால் இது கடைசி இல்லை. பாதுகாப்புத் திருத்தம் சிறியது, வந்ததும் போட்டுவிடலாம். அடுத்த பெரிய பதிப்பு வந்தால் இரண்டு வாரம் பொறுத்துப் போடுங்கள்.

லிந்தாங் அக்கா

தம்பி, வாட்ஸ்அப்பில் 'மீடியா ஆட்டோ டவுன்லோட்' உள்ளே வீடியோவை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த அப்டேட்டுக்கும் இதே 3.8 ஜிபியோடுதான் வந்து நிற்பீர்கள்.