மறு: எல்லாமே ‘குறுக்கீடு’ தானா?

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

> வைஃபை சேனல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதை ‘அலைவரிசை இடைக் குறுக்கீடு’ எனலாம். ‘குறுக்கீடு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

புழக்கத்தில் இருப்பதுதான் சிக்கலே. இரண்டு வேறு கோளாறுகளை அந்த ஒரே சொல்லில் அடக்கிப் புரிந்துகொண்டதால் நான் மூன்று வாரம் அல்லாடினேன். முதலில் அந்தக் கதை.

செம்பூரில் எங்கள் கட்டடத்துக்கும் எதிர்க் கட்டடத்துக்கும் நடுவே ஒரு கார் நுழையும் சந்துதான். இரவு எட்டு மணியானால் உள்ளறைக் கணினியில் இணையம் விட்டுவிட்டு வரும். சிக்னல் கோடுகள் மட்டும் முழுசாக நிற்கும். இணைப்புத் தந்தவர்களிடம் நான்கு முறை சொல்லியாயிற்று. “அணைத்துப் போடுங்கள் சார்” என்பதற்கு மேல் பதில் இல்லை. கடைசியில் வெளித்தளங்களை விட்டுவிட்டு, திசைவியையே (ரவுட்டர்; எங்கள் வீட்டில் அதன் முகவரி 192.168.1.1) பிங் செய்து, அதாவது சிறு செய்தி அனுப்பிப் பதில் வரும் நேரத்தை அளந்து, பார்த்தேன். அடுத்த அறைப் பெட்டி ஒருமுறை 3 மில்லிநொடியில் பதில் சொல்கிறது, மறுமுறை 800, அப்புறம் பதிலே காணோம். கேபிளைச் செருகினால் எல்லாம் 1 மில்லிநொடிக்குள். ஆக, கோளாறு வெளியே இல்லை, வீட்டுக் காற்றில்தான்.

செல்பேசிச் செயலி ஒன்றில் அலசினால் 21 அருகலைகள் (வைஃபை இணைப்புகள்). முக்கால்வாசி 6-ஆம் சேனலில் (வைஃபை பேசும் அலைப்பட்டையின் எண்ணிட்ட பகுதி ஒவ்வொன்றும் ஒரு சேனல்). என்னுடையது 4. கூட்டத்திலிருந்து ஒதுங்கி நிற்கிறேன் என்ற நினைப்பில் 4-ஐ வைத்ததே நான்தான்!

வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒரு சேனலின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். ஆனால் அடுத்தடுத்த சேனல்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 5 தான். 4-இன் நடு 2427, 6-இன் நடு 2437. பாதிக்குப் பாதி மேலே படுத்திருக்கின்றன. ஒரே சேனலில் இருக்கும் கருவிகள் ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரிவதால் காத்திருந்து பேசும். ஊரில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது போல. தாமதமாகும், ஆனால் கிடைக்கும். பாதி படிந்த சேனலில் இருப்பவனின் பேச்சு புரியாது, வெறும் இரைச்சலாகவே கேட்கும். இது வரப்பு உடைந்து பக்கத்து வயல் தண்ணீர் நம் நாற்றில் ஏறுவது. ஆறுக்கே போயிருந்தாலும் என் பாடு இதைவிடத் தேவலை. 1, 6, 11 ஒன்றையொன்று தொடாது. 11-க்கு மாற்றினேன், அன்றிரவே பிங் பத்துக்குள் அடங்கியது. (5 கிகாஹெர்ட்ஸுக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். கணினியில் செருகியிருப்பது பழைய யூஎஸ்பி குச்சி, அதற்கு 2.4 மட்டும்தான் தெரியும்.)

ஆகவே என் முன்மொழிவு: சேனலுக்குத் ‘தடம்’. ஒரே தடத்தில் பலர் முட்டிக்கொள்வது ‘தடநெரிசல்’. பக்கத்துத் தடம் நம் தடத்தில் படிவது ‘தடக்கசிவு’. நெரிசல் என்றால் பொறுக்கலாம், கசிவு என்றால் இடம் மாற வேண்டும் என்று சொல்லே வழிகாட்டிவிடும். ‘அலைவரிசை இடைக் குறுக்கீட்டினால்’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மூச்சு வாங்கும். ‘தடக்கசிவால்’ வேற்றுமை உருபோடு சிக்கென்று நிற்கிறது.

> சேனல் என்றால் கால்வாய்தானே?

ஆங்கிலக் கால்வாயை வீட்டுக்குள் வெட்ட வேண்டாம் ஐயா. ‘அலைவரிசை’யும் வேண்டாம், அது தொலைக்காட்சிக்கும் வானொலிக்கும் போய்விட்டது, மனம் ஒத்துப்போவதற்குக்கூட அதைத்தான் சொல்கிறோம். ‘தடம்’ சுவடு என்ற பொருளும் தருமே என்று தில்லி நண்பர் கேட்டது நியாயம். ஆனால் ‘தடம் 6’ என்று எண்ணோடு வரும்போது அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

பி.கு.: மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது இணைப்பு தள்ளாடுவது இரண்டிலும் சேராது. அதுவும் 2450 மெகாஹெர்ட்ஸ் பக்கம்தான் வேலை செய்கிறது, ஆனால் அதற்குத் தடமும் கிடையாது, முறையும் கிடையாது. அதற்கு மட்டும் ‘குறுக்கீடு’ என்றே விட்டுவிடலாமா? மாற்றுச் சொல் இருந்தால் இதே இழையில் எழுதுங்கள்.