கண்ணகியின் தனிமொழிப் பதிவு: சத்தமான இடத்தில் ஒலி உடைகிறது, மெதுவான இடத்தில் குரலே கேட்கவில்லை. உதவி வேண்டும்

கானாடுகாத்தான் வாசகி:

வணக்கம். பொதுவுடைமை நூல்களைத் தன்னார்வலர்கள் படித்து இலவசமாகக் கொடுக்கிற லிப்ரிவாக்ஸ் தளத்துக்குத் தமிழ்த் தனிமொழிகள் சிலவற்றைப் படித்துக் கொடுக்க நாங்கள் நாலு பேர் சேர்ந்திருக்கிறோம். என் பங்குக்குச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நானே கேட்டு வாங்கினேன். பாண்டியன் அவையில் கண்ணகி பேசுகிற பகுதி. என் அப்பத்தா அதை மனப்பாடமாகச் சொல்லுவார்கள். நகரத்தார் பூம்புகாரிலிருந்து வந்தவர்கள் என்று எங்கள் வீடுகளில் சொல்லித்தான் பிள்ளைகளை வளர்ப்பார்கள். "பெரும்பெயர்ப் புகார் என் பதியே" என்ற இடம் வந்தால் அப்பத்தாவின் குரல் ஒரு மாதிரி கனத்துவிடும். அந்தக் குரலை யாரும் பதிந்து வைக்கவில்லை. அதனால் இந்தப் பதிவு சரியாக வரவேண்டும் என்று எனக்கு மிகவும் ஆசை.

மூன்று முறை படித்துவிட்டேன். கேட்டுச் சரிபார்க்கிற தன்னார்வலர் பொறுமையாகக் குறிப்பு எழுதி அனுப்பினார். எதிரொலி இருக்கிறது, "தேரா மன்னா" என்ற இடத்தில் ஒலி உடைகிறது, மெதுவாகச் சொல்லும் வரிகள் இரைச்சலில் மூழ்குகின்றன என்றார். அவர் சொன்ன மூன்றும் உண்மை.

யூஎஸ்பி மைக், மடிக்கணினி, ஒடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள், இவ்வளவுதான் என்னிடம் இருப்பது. வளவு என்கிற உள்முற்றத்தை ஒட்டிய பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். வீட்டிலேயே அமைதியான இடம் அதுதான் என்று நினைத்தேன். லிப்ரிவாக்ஸ் கேட்கிற 89 டெசிபெலுக்கு ஒலியை ஏற்றினால் இரைச்சலும் கூடவே ஏறுகிறது. நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் கண்ணகி தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகிவிடுகிறது. எங்கிருந்து திருத்தத் தொடங்குவது?

காரைக்குடி ஒலிக்காரன்:

வணக்கம் ஆச்சி. மென்பொருளில் எதையும் தொடுவதற்கு முன் நாலு விஷயம் சொல்லுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் எவ்வளவு தூரம்? கெயின், அதாவது மைக் ஒலியை வாங்கும் திறன், எந்த அளவில் இருக்கிறது? மின்விசிறி ஓடியதா? மடிக்கணினி சார்ஜரில் இருந்ததா? யாரும் பேசாத பத்து விநாடியை மட்டும் தனியாகப் பதிந்து கேட்டுப் பாருங்கள். அதில் என்ன கேட்கிறது என்பதையும் எழுதுங்கள்.

89 என்பது கோப்பு முழுவதற்குமான சராசரி உரப்பு. உச்சத்தின் அளவு அது அல்ல. ஒரே சீராகப் படிக்கிற கட்டுரைக்கு அந்த அளவு எளிதில் வந்துவிடும். தனிமொழியில் ஒரு வரி கிசுகிசுப்பு, அடுத்த வரி கர்ஜனை. உங்கள் சிக்கல் அங்கேதான்.

கானாடுகாத்தான் வாசகி:

மைக் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில், மேசைமேல் இருந்தது. கெயின் முழுவதும் திறந்திருந்தேன். மெதுவான வரிகள் விழவில்லையே என்றுதான் அப்படி வைத்தேன். விசிறியை நிறுத்திவிட்டேன். சார்ஜர் மாட்டித்தான் இருந்தது. பத்து விநாடி பதிந்து கேட்டேன்: "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம், தூரத்தில் புறா.

கோட்டையூர் இயற்பியல்:

எதிரொலியைப் பற்றி நான் சொல்கிறேன். காதுக்கு அமைதியாக இருக்கிற இடம் மைக்குக்கும் நல்ல இடமாக இருக்கவேண்டும் என்பதில்லை. நம் வீட்டுச் சுவர்களை நினைத்துப் பாருங்கள். சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, முகம் தெரிகிற அளவுக்கு இழைத்த பூச்சு. கீழே ஆத்தங்குடிக் கல். தூண்களோ பளபளவென்ற பர்மா தேக்கு. ஒலியை உறிஞ்ச அங்கே ஒன்றுமே இல்லை. நீங்கள் சொன்ன ஒரு சொல் விநாடிக்கு 340 மீட்டர் சொச்சம் வேகத்தில் சுவருக்குச் சுவர் போய்த் திரும்பி, அடுத்த சொல்லின் மேல் வந்து விழுகிறது. நேரில் கேட்கும்போது இரண்டு காதும் மூளையும் சேர்ந்து அதை ஒதுக்கிவிடும். ஒற்றை மைக்கால் அது முடியாது.

1895இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அரங்கில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. வாலஸ் சபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் இன்னொரு அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு நேரத்தில் சுமந்துவந்து போட்டு, எத்தனை மெத்தைக்கு ஒலி எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று அளந்தார். அறையின் கன அளவு கூடினால் எதிரொலி நீளும், உறிஞ்சும் பொருள் கூடினால் குறையும் என்ற கணக்கு அங்கிருந்துதான் வந்தது.

உங்கள் வீட்டில் மெத்தை இல்லாமலா இருக்கும்! கல்யாணச் சீராக வந்த மெத்தை, தலையணை, சமுக்காளம் எல்லாம் அடுக்கி வைத்திருக்கிற அறை ஒன்று கட்டாயம் இருக்கும். அங்கே போய்ப் படியுங்கள். முகத்துக்கு எதிரே ஒரு மெத்தை, முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தை, கீழே சமுக்காளம். படிக்கத் தொடங்குமுன் ஒரு தடவை கையைத் தட்டுங்கள். தட்டிய சத்தம் வெட்டியதுபோல நின்றால் அறை தயார்.

காரைக்குடி ஒலிக்காரன்:

டீச்சர் சொன்னதை அப்படியே செய்யுங்கள் ஆச்சி, பாதி வேலை முடிந்துவிடும். ரீங்காரம் பெரும்பாலும் சார்ஜரிலிருந்து வருவது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அது அப்படியே பதிவில் இறங்கும். மின்கலத்தை நிறைத்துக்கொண்டு, சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதியுங்கள்.

அடுத்தது உடைகிற இடம். உடைந்த ஒலியை எந்த மென்பொருளாலும் உள்ளபடி மீட்க முடியாது. அலையின் தலை வெட்டுப்பட்டுப் போயிருக்கும், வெட்டிய தலை எங்கேயும் சேமிக்கப்படவில்லை. அதனால் கெயினை உங்கள் மிகச் சத்தமான வரிக்கு வையுங்கள். அந்த வரியை முதலில் முழுக் குரலில் சொல்லிப் பாருங்கள். அப்போது திரையில் ஒலி அளவைக் காட்டும் மீட்டர் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டக்கூடாது. அதன் பிறகு கெயினைத் தொடவே கூடாது.

அப்படியானால் மெதுவான வரிக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். நீங்கள் நகருங்கள். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் கிட்டத்தட்ட 6 டெசிபெல் கூடும். ஊர்த் திருவிழாவில் விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்திருப்பீர்கள். உச்சத்தில் பாடும்போது நடிகர் தலையைப் பின்னால் இழுப்பார், தணிந்த வசனத்துக்கு மைக்கை முத்தமிடுகிற மாதிரி நெருங்குவார். அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை, மேடையில் நின்று நின்று வந்த கணக்கு அது. சாதாரண வரிக்கு ஒரு சாண், மெதுவான வரிக்கு அரைச் சாண், சத்தமான வரிக்கு ஒரு முழம். சத்தமான வரியில் முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளுங்கள்.

தேவகோட்டைத் தமிழாசிரியர்:

அம்மா, இவர்கள் சொன்னதெல்லாம் சரி. எனக்கு வேறொரு சந்தேகம். "தேரா மன்னா" என்ற இடத்தில் ஏன் கத்துகிறீர்கள்?

காதையைத் திரும்பப் படித்துப் பாருங்கள். கண்ணில் நீரோடு வந்து நிற்கிறாயே, நீ யார் என்று மன்னன் கேட்கிறான். அவள் பதில் சொல்கிறாள். முதலில் "தேரா மன்னா, செப்புவது உடையேன்." ஆராயாத அரசனே, சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் பேசுவது தன் ஊரைப் பற்றி. புறாவின் துயர் தீர்த்த சோழன், பசுவின் கண்ணீர் நெஞ்சைச் சுடத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழன், அவர்கள் ஊர் என் ஊர் என்கிறாள். பாண்டியன் அவையில், அவன் முகத்துக்கு நேரே நின்று, ஒரு கன்றுக்கு நீதி சொன்னவன் எங்கள் அரசன் என்கிறாள். இதைவிடக் கூர்மையான குத்தல் வேறு உண்டா? இதைக் கத்திச் சொன்னால் கூர் மழுங்கிவிடும். நிதானமாக, ஒவ்வொரு சொல்லும் அவன் காதில் விழும்படி சொல்ல வேண்டும். "வாயிற் கடைமணி நடுநா நடுங்க" என்ற அடியில் மணியின் நாவு அசைவது ஓசையிலேயே இருக்கிறது. அவசரப்பட்டால் அது போய்விடும்.

"கண்ணகி என்பது என் பெயரே" என்பதைத் தணித்துச் சொல்லுங்கள். கோபம் ஏறுகிற இடம் அதற்கு அப்பால். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று மன்னன் சொன்ன பிறகுதான் "நற்றிறம் படராக் கொற்கை வேந்தே" என்று அவள் வெடிக்கிறாள். உங்கள் உச்சத்தை அந்த ஒரு வரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வரியில் என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று சொல்கிறாள். அது சாட்சியம். அதில் சத்தமே வேண்டாம்.

அப்புறம், அடி முடிகிற இடமெல்லாம் நிறுத்தாதீர்கள். அகவல் ஓசை தொடர்ந்து ஓட வேண்டும். பொருள் முடிகிற இடத்தில் மூச்சு வாங்குங்கள்.

கானாடுகாத்தான் வாசகி:

ஐயா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்பத்தாவும் அந்த இடத்தில் கத்தவே மாட்டார்கள். இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. மேடைப் பேச்சுகளில் கேட்டதை என்னை அறியாமல் பிடித்துக்கொண்டேன் போலிருக்கிறது.

புதுக்கோட்டைச் செவி:

நான் இதுபோன்ற பதிவுகளைக் கேட்டுச் சரிபார்ப்பவன். நீங்கள் எந்தப் புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிறீர்கள்? மூலம் பழையது என்றாலும், அண்மையில் வந்த பதிப்பின் உரை, குறிப்பு, பதவுரை எல்லாம் அந்தப் பதிப்பாசிரியருக்குச் சொந்தம். உ.வே.சா. பதிப்பு 1892இல் வந்தது. அவர் மறைந்தது 1942. நம் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு. அதுவும் எப்போதோ கடந்துவிட்டது. லிப்ரிவாக்ஸ் அமெரிக்கச் சட்டத்தைப் பார்ப்பதால் அச்சான ஆண்டும் முக்கியம். 1892க்கு எந்தக் கேள்வியும் வராது. அதன் ஸ்கேன் பக்கத்தை வைத்துக்கொண்டு படியுங்கள். சொற்களை எங்கே பிரித்துப் படிப்பது என்று ஆசிரியர் ஐயாவிடம் கேட்டுப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நீங்கள் கொடுக்கும் பதிவும் பொதுவுடைமை ஆகிவிடும். யாரும் எடுக்கலாம், வெட்டலாம், விற்கவும் செய்யலாம். மனசுக்கு நெருக்கமான பகுதி என்கிறீர்கள், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன்.

கானாடுகாத்தான் வாசகி:

தெரியும் அண்ணே. யார் வேண்டுமானாலும் எடுத்துக் கேட்கட்டும், அதற்காகத்தானே படிக்கிறேன். புத்தகம் விஷயத்தில் நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று, என் கையில் இருந்தது புதிய உரைப் பதிப்பு. மாற்றிவிட்டேன்.

இன்று விடியற்காலை நாலரைக்கு மெத்தை அறையில் பதிந்தேன். கோயில் ஒலிபெருக்கிக்கு முன்னால், புறா எழுந்திருக்கும் முன்னால். சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி முகப்பில் வைத்தேன், கைவளையலையும் கழற்றினேன். கை தட்டிப் பார்த்தேன், சத்தம் டப்பென்று நின்றது. சார்ஜர் இல்லாததால் ரீங்காரமும் இல்லை. உடைசல் ஒரு இடத்திலும் இல்லை.

ஆனால் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. மெதுவான வரிக்கு நெருங்கியதும் "ப" வருகிற இடமெல்லாம் "டுப் டுப்" என்று மைக்கில் காற்று அடிக்கிறது. "புள்ளுறு புன்கண்", "அரும்பெறற் புதல்வனை", "பெரும்பெயர்ப் புகார்" என்று அந்தப் பகுதி முழுக்க "ப" தான்.

காரைக்குடி ஒலிக்காரன்:

மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் வாயின் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள் ஆச்சி. நீங்கள் நேரே பார்த்துப் பேச வேண்டும், மைக் 45 பாகை சாய்வில் கன்னத்துப் பக்கம் இருக்க வேண்டும். காற்று நேரே போய்விடும், ஒலி மட்டும் மைக்குக்குப் போகும். நடுவில் மெல்லிய துணி ஒன்றை வளையத்தில் இழுத்துக் கட்டிக்கொள்ளலாம், பூத்தையல் வளையமே போதும்.

பதிந்த பிறகு செய்யும் வேலையைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமலை வெட்டுகிற ஹை பாஸ் ஃபில்டர். நாய்ஸ் ரிடக்‌ஷன் தேவைப்பட்டால் 6 டெசிபெல் போதும். தண்ணீருக்குள் பேசுவதுபோல வந்தது அதிகமாகப் போட்டதால்தான். பிறகு சத்தமான வரிக்கும் மெதுவான வரிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கிற கம்ப்ரெசர் லேசாக, கடைசியாக 89க்கு ஏற்றுவது. மோனோ, 44.1 கிலோஹெர்ட்ஸ், 128 கேபிபிஎஸ் எம்பி3. முடிவில் ஐந்து விநாடி அமைதி. அந்த ஐந்து விநாடியையும் மெத்தை அறையிலேயே பதியுங்கள். வெற்று மௌனத்தை ஒட்டினால் காதுக்குத் தெரிந்துவிடும்.

கானாடுகாத்தான் வாசகி:

முடிந்தது. ஐந்தாவது பதிவு. சரிபார்த்தவர் ஒரே ஒரு இடத்தைத்தான் குறித்திருந்தார், "ஆழியின்" என்பதில் ழகரம் சரியாக விழவில்லை என்று. அந்த ஒரு அடியை மட்டும் மறுநாள் அதே நேரத்தில், அதே மெத்தைக்கு நடுவில், அதே தூரத்தில் படித்து ஒட்டினேன். ஒட்டு தெரியவில்லை என்று எழுதிவிட்டார்.

அப்பச்சியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். "புகார் என் பதியே" வந்ததும், இன்னொரு தடவை போடு என்றார்கள்.

மெத்தைகளை அப்படியே விட்டிருக்கிறேன். எங்கள் குழுவில் மனோன்மணீயம் படிக்கிற தங்கச்சி சனிக்கிழமை வந்து தங்குகிறாள். அவள் குரல் என்னுடையதைவிடக் கனம், கெயினை மறுபடி வைக்க வேண்டும். ஒலிக்காரத் தம்பி, அன்றைக்கு ஒரு தடவை இங்கே எட்டிப் பாருங்கள்.