விமான நிலையப் போட்டோவும் பெரியப்பாவின் செருப்பும்

அண்ணாச்சிமார், மைனிமார், தம்பி தங்கைகள் எல்லாருக்கும் வணக்கம்.

நம் கோயில் கொடைத் திருவிழாவின் வரிக் கணக்கைப் போட்டுவிட்டுத் தூங்கலாம் என்றிருந்தேன். மூன்று நாளாக உங்கள் சண்டையைப் படிப்பதிலேயே பொழுது போகிறது. தோஹா விமான நிலையத்தில் நம் தம்பி அந்த முன்னாள் அமைச்சரைப் பார்த்திருக்கிறான், பக்கத்தில் நின்று பல்லைக் காட்டியிருக்கிறான், போட்டோவை நம் ஊர்க் குழுவிலும் போட்டுவிட்டான். யார் என்று பெயர் எழுத வேண்டியதில்லை. நம் குளத்தில் கரம்பை மண் அள்ளப் பர்மிட் கொடுத்தது யார் ஆட்சியில், ஆள் உயரத்துக்கு மேல் தோண்டிச் செங்கல் சூளைக்கு மண் போனது யார் லாரியில் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"நான் இருந்திருந்தால் அறைந்திருப்பேன்" என்று டொராண்டோ அண்ணாச்சி எழுதியிருக்கிறார். மஸ்கட்டில் இருக்கிறவர் துப்பியிருப்பாராம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள், ஏன் என்று சொல்கிறேன்.

நான் இருக்கிற பிரிட்டனில் இந்த விஷயத்துக்கென்றே வாய்த்த ஆள் டோனி பிளேர். 1997 முதல் 2007 வரை பிரதமர். 2003ல் அமெரிக்காவோடு சேர்ந்து இராக்குக்குப் படை அனுப்பினார். பிரிட்டன் படையில் மட்டும் 179 பேர் இறந்தார்கள். இராக் ஜனங்கள் எத்தனை பேர் என்பதில் ஆளுக்கொரு கணக்கு, எல்லாமே லட்சத்தில் போகிறது. பதவியை விட்டு இறங்கிய பிறகு அவரை நேரில் பார்க்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனிப்பது எனக்கு ஒரு வேலையாகவே ஆகிவிட்டது.

2010ஆம் வருஷத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் கொசோவோவின் தலைநகர் பிரிஷ்டினாவுக்குப் போகிறார். அங்கே அவரைப் பார்க்க ஒன்பது சிறுவர்களை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர்கள் பெயரே 'டோனிப்ளேர்'! ஒரே சொல்லாக, அதுதான் பெயர். 1999ல் செர்பியாவுக்கு எதிராக நேட்டோ நாடுகள் தலையிட்டதற்கு அவர் முன்னால் நின்றார் என்ற நன்றியில் பெற்றவர்கள் வைத்தது. நம் பக்கம் வீட்டுக்கு ஒரு காமராஜ் இருந்த மாதிரி.

இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் 4, டப்ளின். தன் சுயசரிதையில் கையெழுத்துப் போட ஓ'கானல் தெருவில் ஒரு புத்தகக் கடைக்கு வருகிறார். வெளியே நின்ற கூட்டம் முட்டையும் செருப்பும் எறிந்தது. ஒன்றும் அவர் மேல் படவில்லை. அதே நேரம் கையெழுத்து வாங்கவும் நூற்றுக்கணக்கில் ஜனம் வரிசையில் நின்றது, அதையும் சொல்ல வேண்டும். வரிசையில் வந்த ஒரு பெண் புத்தகத்தை நீட்டுவதற்குப் பதிலாக, உங்களைக் கைது செய்கிறேன் என்று சொல்ல, காவலர்கள் அப்புறப்படுத்தினார்கள். அடுத்த வாரம் லண்டனில் நடக்க இருந்த கையெழுத்து நிகழ்ச்சியை அவரே ரத்து செய்துவிட்டார். முட்டை எறியப் போகாத சிலர் வேறொரு வழி கண்டுபிடித்தார்கள். கடைக்குள் போய், சத்தம் போடாமல் அந்தப் புத்தகத்தை எடுத்து 'குற்றம்' என்று எழுதியிருக்கும் அலமாரியில் வைத்துவிட்டு வந்தார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்தது. யாருக்கும் காயமில்லை, கடைப் பையனுக்குத்தான் கொஞ்சம் கூடுதல் வேலை.

கூட்டத்தில் நின்று முட்டை எறிவதை நான் பெரிதாக நினைப்பதில்லை. தனியாக நிற்கும்போது என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. 2014 ஜனவரியில் கிழக்கு லண்டனில் ஒரு உணவகம். பிளேர் குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அங்கே பாரில் வேலை பார்த்த இளைஞர் ஒருவர் போய் அவர் தோளில் கை வைத்து, சமாதானத்துக்கு எதிரான குற்றத்துக்காக, அதாவது ஆக்கிரமிப்புப் போர் தொடுத்ததற்காக, கைது செய்கிறேன், போலீஸ் ஸ்டேஷனுக்கு வாருங்கள் என்று அழைத்தார். பிளேரைக் கைது செய்ய முயல்கிறவர்களுக்கென்று ஒரு பரிசுப் பணமே இருந்தது. ஜார்ஜ் மான்பியோ என்ற பத்திரிகையாளர் 2010ல் தொடங்கி வைத்தது. அந்த இளைஞர் பிற்பாடு சொன்னபடி, பிளேர் பதறவில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டியது சிரியாவைப் பற்றியல்லவா என்று திருப்பிக் கேட்டு, விவாதத்தை ஆரம்பித்துவிட்டார். பிளேரின் மகன்களில் ஒருவர் காவலரை அழைக்க எழுந்ததும் அந்த இளைஞர் இடத்தைக் காலி செய்துவிட்டார்.

பாருங்கள், அதுதான் அரசியல்வாதி. நாம் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போவோம், அவர்கள் இருபது வருஷமாக அதற்குப் பதில் சொல்லிப் பழகியிருப்பார்கள். சட்டமும் அந்த இளைஞர் பக்கம் இல்லை. ஆக்கிரமிப்புப் போர் இங்கிலாந்தின் உள்நாட்டுச் சட்டப்படி குற்றமாகாது என்று 2006லேயே பிரபுக்கள் சபை நீதிபதிகள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

ஒரே ஒருவரிடம்தான் பிளேரின் பேச்சு செல்லுபடியாகவில்லை என்று நினைக்கிறேன். 2009 அக்டோபரில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் இராக் போருக்கான நினைவு வழிபாடு நடந்தது. முடிந்ததும் கில்ட்ஹால் மண்டபத்தில் விருந்து. அந்தப் போரில் மகனைப் பறிகொடுத்த தகப்பனார் ஒருவர் அங்கே இருந்தார். பிளேர் கையை நீட்டினார். அவர் தன் கையைக் கொடுக்கவில்லை, உங்கள் கையில் ரத்தம் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். கத்தவும் இல்லை, எறியவும் இல்லை.

சரி, நம் ஊருக்கு வருகிறேன்.

எங்கள் பெரியப்பாவை உங்களுக்குத் தெரியும். குளம் போன பிறகு கீழவயல் நாலு மரக்கால் விதைப்பாடும் தரிசாகி, "அவன் மட்டும் என் கண்ணில் படட்டும், செருப்பைக் கழற்றுகிறேனா இல்லையா பார்" என்று டீக்கடையில் ஏழெட்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவர். அந்த ஆள் தேர்தலில் தோற்ற வருஷம் நான் லீவில் கொடைக்கு வந்திருந்தேன். சாமக்கொடை நேரம். வில்லுப்பாட்டுக்காரர் நல்ல கட்டத்தில் இருந்தார். வாசலில் கார் வந்து நின்றது. கொடி இல்லாத கார், கூட இரண்டே பேர். இளைத்துப் போயிருந்தார் மனுஷன், வேட்டி மட்டும் பழைய வெள்ளை. வரி நோட்டு மேஜையில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவுக்கு நேர் எதிரே வந்து நின்று கும்பிட்டார்.

பெரியப்பாவின் செருப்பு கோயில் வாசலில் கிடந்தது, அது வேறு விஷயம். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அவர் எழுந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து, "வாங்க, உக்காருங்க, சாப்பாடு ஆச்சா?" என்றார். ஐநூற்று ஒன்று என்று வரி எழுதி ரசீதும் கிழித்துக் கொடுத்தார். கை நடுங்கியதால் இரண்டாவது ரசீதுதான் ஒழுங்காகக் கிழிந்தது.

மறுநாள் அந்தத் துண்டை அவர் தோளில் போடவில்லை. கேட்டேன். "அழுக்குடே" என்றார். அப்புறம், நான் கேட்காமலேயே, "கோயிலுக்கு வந்துட்டான், நான் என்ன செய்ய?" என்றார். அதற்குப் பிறகு டீக்கடையில் அந்தச் செருப்புப் பேச்சு வரவே இல்லை.

அதனால் டொராண்டோ அண்ணாச்சி, அறைவேன் என்பதை நான் நம்பவில்லை. நீங்களும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டிருப்பீர்கள். நானும்தான்.

தம்பி, போட்டோவை எடுக்கவும் வேண்டாம், யாரிடமும் மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். ஒன்றை மட்டும் எழுது. எந்த ஊர் என்று அவர் உன்னைக் கேட்டாரா? நம் ஊர்ப் பெயரைச் சொன்னாயா? சொன்னபோது முகம் எப்படி இருந்தது?