வேலூர் காட்பாடிப் பக்கம் இவ்வளவு ஜனம் எங்கிருந்து வந்தது? மாடி கட்டி வாடகைக்கு விடலாமா?

காந்திநகர்_பழையவன்:
2008-இல் வேலைக்காக பெங்களூர் போனவன் நான். போன மாதம் காட்பாடி காந்திநகரில் இருக்கும் அம்மாவைப் பார்க்க வந்தேன். இங்கே இருக்கும் சித்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சாலையைக் கடக்கவே பத்து நிமிஷம் ஆனது. டீக்கடையில் நின்றால் காதில் விழுவது தெலுங்கு, இந்தி, அப்புறம்தான் தமிழ். வீட்டுக்கு மேலே ஒரு தளம் எழுப்பச் சொல்லித் தம்பி நச்சரிக்கிறான். இந்தக் கூட்டம் நிலைக்குமா, இல்லை சும்மா வந்து போகிற கூட்டமா? ஊரில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பாலாறு_மணல்:
பாலாற்றுக்கு இந்தப் பக்கம் சிஎம்சி ஆஸ்பத்திரி, அந்தப் பக்கம் காட்பாடியில் விஐடி காலேஜ், அவ்வளவுதான் சார் கதை. ஐடா ஸ்கடர் என்ற டாக்டரம்மா 1900-இல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய வைத்தியசாலைக்கு இன்றைக்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ ஜனம் வருகிறது. விஐடி 1984-இல் 180 மாணவர்களோடு வந்த இன்ஜினியரிங் காலேஜ், 2001-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆன பிறகுதான் வெளிமாநிலப் பிள்ளைகள் குவிந்தார்கள். ரெண்டையும் விட முக்கியம் காட்பாடி ஜங்ஷன். ஹவுராவில் ஏறினால் இங்கே நேராக வந்து இறங்கலாம், அது இல்லையென்றால் பாதிப் பேர் வந்திருக்கவே மாட்டார்கள் என்பது என் கட்சி. எங்கள் தெரு ஆட்டோக்காரர் ஐந்தாவது தாண்டாதவர், பெட்டியோடு யார் வந்தாலும் "கொத்தாய் ஜாபேன்?" (எங்கே போகணும்?) என்று வங்காளியில் கேட்கிறார்!

மெஸ்_மாமி:
தம்பி, பிள்ளைகளை நம்பி மாடி கட்டாதீர்கள், பட்டவள் சொல்கிறேன். பெரும்பாலும் ஹாஸ்டலில்தான் இருக்கிறார்கள், வெளியே வீடு எடுப்பது கொஞ்சம் பேர்தான். லீவு விட்டால் எங்கள் மெஸ்ஸில் அறுபது சாப்பாடு எட்டாகிவிடும், மாஸ்டருக்குச் சம்பளம் மட்டும் குறையாது. ஒரு வருஷம் நாலு பையன்களுக்கு வீடு விட்டு, காலி செய்தபோது பார்த்தால் பாத்ரூம் கதவையே காணோம், எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. நோயாளி வீட்டார் அப்படி இல்லை, ஆனால் பத்து நாள், ஒரு மாசம் என்றுதான் தங்குவார்கள். ஆஸ்பத்திரி பக்கத்து லாட்ஜ்களில் அடுப்பு, பாத்திரமெல்லாம் வாடகைக்குக் கிடைக்கிறது, மீன் வாங்கி அவர்களே சமைத்துக்கொள்கிறார்கள். அதை விட்டு ஆறு தாண்டி காந்திநகர் வரை ஏன் வரப்போகிறார்கள்?

வார்டு_கணக்கு:
ஊர் மூன்று மடங்கு ஆகிவிட்டது என்று பேசுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பழைய வேலூர் எல்லைக்குள் 2001-இல் சுமார் 1.77 லட்சம் பேர், 2011-இல் 1.86 லட்சம். பத்து வருஷத்தில் ஒன்பதாயிரம், அது ஒரு பெருக்கமா? அப்புறம் காட்பாடி, சத்துவாச்சாரியையெல்லாம் மாநகராட்சியோடு இணைத்தார்கள், எண்ணிக்கை எகிறியது. பழைய ஊருக்குள் இடமில்லை, வளர்ந்ததெல்லாம் சுற்றுவட்டாரம்தான். இதில் ஹாஸ்டல் பிள்ளைகளும் கணக்கெடுப்பில் இங்கேதான் எண்ணப்படுவார்கள், லாட்ஜில் பத்து நாள் தங்குகிற நோயாளி சொந்த ஊர்க் கணக்கில் போய்விடுவார். ஆனால் ரெண்டு பேருக்கும் தண்ணீர் வேண்டும் இல்லையா? பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான், மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. மாடி போடும் முன் போர் எத்தனை அடி என்று பாருங்கள்.

காந்திநகர்_பழையவன்:
போர் 400 அடி, வெயில் காலத்தில் காற்றுதான் வருகிறது. அப்படியென்றால் கட்டவே வேண்டாமா?

மெஸ்_மாமி:
கட்டுங்கள், ஆனால் ஆளைப் பார்த்துக் கட்டுங்கள். ஊரில் நிலைத்து நிற்பது நர்ஸுகள், லேப் ஆட்கள், காலேஜ் வாத்தியார்கள். புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம் வேலை, பிள்ளை இங்கேயே பள்ளிக்கூடம். என் பக்கத்து வீட்டு நர்ஸம்மா நாகர்கோவில்காரி, பதினொரு வருஷமாக அதே வீடு. அவங்க முதலில் கேட்டது ரெண்டே ரெண்டு, சம்ப் எத்தனை லிட்டர், நைட் ட்யூட்டி முடிந்து வந்தால் கேட்டைத் திறக்கத் தனிச் சாவி உண்டா என்பது. ரெண்டு சின்ன போர்ஷனாக இல்லாமல் ஒரே பெரிய வீடாகப் போடுங்கள்.

பாலாறு_மணல்:
படிக்கட்டை வெளியே வையுங்கள் சார்.