ரேட்டிங்கைக் கூட்டினால் இரண்டு டீமும் சமம், ஆனால் ரவுண்ட் மட்டும் ஒருதலையாக முடிகிறது. ஏன்?

பதுங்குகுழி:
32 பேர் ஆன்லைனில் சுட்டு விளையாடும் ஒரு கேம் சர்வரை நானும் இரண்டு நண்பர்களும் பார்த்துக்கொள்கிறோம். பக்கத்துக்கு 16 பேர், ஐந்து கொடி, செத்துத் திரும்ப வந்தால் ஒரு டிக்கெட் போகும், கொடி குறைவாக வைத்திருக்கும் பக்கத்துக்கு டிக்கெட் தானாகவும் கரையும், டிக்கெட் முதலில் தீர்கிற பக்கம் தோற்கும். பேட்டில்ஃபீல்ட் 1942 கேம் காலத்திலிருந்து பார்த்துப் பழகிய அதே முறைதான். ரவுண்ட் தொடங்கும் முன் எல்லோருடைய ரேட்டிங்கையும் (திறமைக்குப் போடும் எண்) கூட்டி, இரண்டு பக்கமும் ஒரே தொகை வரும்படி பிரிக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன். கணக்கு சரியாகத்தான் வருகிறது, ஆட்டம்தான் வரவில்லை. பத்து ரவுண்டில் ஏழு எட்டு ரவுண்ட், ஒரு பக்கம் இன்னொன்றைத் துவைத்துக் காயப்போடுகிறது. நேற்று ஐந்தாவது நிமிடத்திலேயே நாலு கொடி போய்விட்டது, தோற்கிற பக்கத்தில் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கடைசியில் 16க்கு 11. மிச்சம் இருந்தவர்களால் ஸ்பான் இடத்தைவிட்டு, அதாவது செத்தவர் மறுபடி முளைக்கும் இடத்தைவிட்டு, தலையை நீட்டவே முடியவில்லை. ஆட்டோ பேலன்ஸ் (சர்வரே ஆளை மாற்றிப் பக்கங்களைச் சமமாக்குவது) போட்டாலோ, ஜெயித்துக்கொண்டிருப்பவனைத் தூக்கித் தோற்கிற பக்கம் போடுகிறது, அவன் என்னைத் திட்டிவிட்டு வெளியே போகிறான். என்னதான் செய்வது?

ஓரத்து ஸ்னைப்பர்:
தொகை சமம் என்றால் டீம் சமம் என்று யார் சொன்னது? நாலு பேர் டீம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 2200, 1000, 1000, 1000. இன்னொரு பக்கம் நாலு பேருமே 1300. இரண்டும் 5200தான். ஆனால் கொடி பிடிக்கிற ஆட்டத்தில் அந்த 2200 ஆள் ஒரே நேரத்தில் ஒரு கொடியில்தானே நிற்க முடியும், மற்ற கொடிகள் எல்லாம் பறிபோகும். அதே ஆளை ஹெலிகாப்டரில் ஏற்றிவிட்டால் கதை தலைகீழ். எலோ ரேட்டிங் செஸ்ஸுக்காக, ஒருவருக்கு ஒருவர் மோதுவதற்காக உருவானது, 400 புள்ளி வித்தியாசம் இருந்தால் 10க்கு 1 என்று அது சொல்வதெல்லாம் அங்கே பொருந்தும். டீம் ஆட்டத்தையும் கணக்கில் எடுத்துச் செய்ததுதான் ட்ரூஸ்கில், 2007ல் வந்த ஹேலோ 3 கேமில் பயன்படுத்தினார்கள். அதில் ஒரு ஆளுக்கு இரண்டு எண் உண்டு: திறமை எவ்வளவு, அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம். புதிதாக வருகிறவருக்கு 25 கொடுத்துவிட்டு, கூடவே 8.33 சந்தேகத்தையும் வைத்துக்கொள்வார்கள். உங்கள் ஸ்கிரிப்ட் புதியவருக்கு என்ன போடுகிறது?

அப்புறம், 32 பேரை 16, 16 ஆகப் பிரிக்க 30 கோடிக்கு மேல் வழி இருக்கிறது. தொகை ஏறக்குறைய ஒத்துவரும் பிரிவுகளே ஏராளம் கிடைக்கும். அதில் முதலில் கிடைத்ததை எடுக்காமல், இரண்டு பக்கமும் கெட்டிக்காரர்களும் கற்றுக்குட்டிகளும் ஒரே மாதிரி கலந்திருக்கிறதை எடுங்கள்.

பதுங்குகுழி:
1000. சர்வரின் சராசரியே அதுதான்... இப்போதுதான் உறைக்கிறது, மேப்பே தெரியாதவனைச் சராசரி ஆட்டக்காரன் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் பீரங்கி:
அதைச் சரிசெய்யுங்கள், ஆனால் உங்கள் நோய் அது இல்லை, ஆள் கழன்றுகொள்வதுதான். லான்செஸ்டர் என்ற ஆங்கிலேய இன்ஜினியர் 1916ல் எழுதிய கணக்கு ஒன்று இருக்கிறது: எல்லோரும் எல்லோரையும் சுட முடிகிற சண்டையில் படையின் பலம் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரே திறமையுள்ள 16 பேரும் 13 பேரும் மோதினால் 256லிருந்து 169 கழித்து மிச்சம் 87, அதன் வர்க்கமூலம் 9க்குச் சற்று மேல். அதாவது 13 பேரும் காலி, எதிரே இன்னும் ஒன்பது பேர் நிற்கிறார்கள். ரீஸ்பான் (செத்தவர் திரும்ப வருவது) இருப்பதால் ரவுண்ட் முழுக்க இது அப்படியே பொருந்தாது, ஆனால் கொடியடியில் நடக்கும் ஒவ்வொரு சண்டையும் இந்தச் சாய்விலேயே நடக்கும். 16க்கு 11 ஆன பிறகு யாருடைய ரேட்டிங்கும் ஒன்றும் செய்யாது.

ஆகவே காத்திருக்கும் வரிசையிலிருந்து வருகிறவர்களைக் குறைவான பக்கத்துக்கு மட்டும் அனுப்புங்கள். அதுவும் போதாவிட்டால்தான் ஆளை மாற்றுங்கள், அதையும் அவர் செத்துக் காத்திருக்கும் நேரத்தில், தனியாக ஆடுகிறவரை. டாங்கியில் உட்கார்ந்து குறி வைத்துக்கொண்டிருக்கிறவனை நடுவில் பிடுங்கினால் நானும்தான் திட்டுவேன்.

சும்மா வந்தவன்:
ஒரு சின்ன விஷயம். அஞ்சு பேர் வாய்ஸில் பேசிக்கொண்டே சேர்ந்து ஆடுகிறார்களா? அந்த அஞ்சு ஏழுக்குச் சமம், எந்த ரேட்டிங்கிலும் அது தெரியாது. மேப்பையும் பாருங்கள், எந்த *டீம்* ஜெயிக்கிறது என்று இல்லை, மேப்பின் எந்த *பக்கம்* ஜெயிக்கிறது என்று. கவுண்டர்-ஸ்ட்ரைக் கேமில் ஆட்டத்தின் பாதியில் பக்கம் மாற்றுவது சும்மா இல்லை.

பதுங்குகுழி:
லாக் எடுத்துப் பார்த்தேன், வெட்கமாக இருக்கிறது. அந்தப் பால மேப்பில் கடைசி இருபது ரவுண்டில் வடக்குப் பக்கம் பதினாலு. நானே ஓடிப் பார்த்தேன், வடக்கிலிருந்து பாலத்துக்கு 21 வினாடி, தெற்கிலிருந்து 34. அதனால் முதல் கொடி எப்போதும் அவர்களுக்கே, டிக்கெட் அங்கிருந்தே கரைய ஆரம்பிக்கிறது. தெற்கு ஸ்பானை முன்னால் நகர்த்திவிட்டேன், புதியவருக்கு 800, நண்பர்கள் கும்பலுக்கு ஆளுக்கு 100 கூடுதல் என்று வைத்திருக்கிறேன் (100 என்பது குத்துமதிப்புதான்). ஆள் மாற்றுவது இனி செத்த பிறகு மட்டும்.

நேற்று கடைசி ரவுண்ட் 16க்கு 15, ஒன்பது டிக்கெட் வித்தியாசத்தில் முடிந்தது. தோற்றவர்கள் ஒருவர்கூட வெளியே போகவில்லை, சாட்டில் உட்கார்ந்து மெடிக்கை (அடிபட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஆட்டக்காரரை) திட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் பீரங்கி:
மெடிக் யார், நீங்களா?

பதுங்குகுழி:
ஆமாம்.